காது வில்லை அறுந்தால் பழைய எண்ணை விடாதீர்கள்
மருத்துவமனையில் நமக்குச் சீட்டுப் போட்டால் நோயாளியும் நாம்தான், விவரம் சொல்பவரும் நாம்தான். மாட்டுக்கு அப்படியில்லை. எஃப்.எச்.ஐ.ஆர். என்ற சர்வதேச மருத்துவத் தகவல் தரநிலையிலும் மனிதருக்கும் கால்நடைக்கும் 'நோயாளி' என்ற ஒரே வகைப் பதிவுதான். ஆனால் கால்நடையின் உரிமையாளர் அதில் தனி ஆள்.

நம் மாடுகளுக்கு அடையாளம் 12 இலக்கக் காது வில்லை. கோமாரித் தடுப்பூசி, சினை ஊசி, சிகிச்சை எல்லாம் 'பாரத் பசுதன்' தளத்தில் அந்த எண்ணில்தான் ஏறும். அதனால் மாட்டை விற்கும்போது வில்லையைக் கழற்றாமல், உரிமையாளர் பெயரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

வில்லை அறுந்துவிட்டால், புதியது போடும்போது பழைய எண்ணுடன் இணைக்கச் சொல்வது அவசியம். இல்லையெனில் அதே மாடு புது மாடாகப் பதிவாகிவிடும். கன்று வீச்சு நோய்க்கு 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே முறைதான் தடுப்பூசி. அந்த ஊசியாலேயே பின்னாளில் ரத்தப் பரிசோதனையில் நோய் இருப்பதுபோல் காட்டக்கூடும். ஊசி போட்ட பதிவு இல்லாவிட்டால் நல்ல மாட்டையும் சந்தேகிக்க நேரும். காப்பீடு செய்த மாடானால், புதிய எண்ணை நிறுவனத்துக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

வில்லை எண் தெரியும்படி இன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அறுந்த பிறகு எண்ணை நினைவில் வைத்திருப்பவர் குறைவு.