மின்கார் பேட்டரி: அளவும் கட்டண மேம்பாடும்

மின்கார் பேட்டரியின் கொள்ளளவு கிலோவாட்-மணியில், அதாவது வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்டில், அளக்கப்படுகிறது. ஒரே காரைப் பல அளவுகளில் விற்பது இன்று வழக்கம். டாடா நெக்ஸான் மின்கார் 2023-இல் 30, 40.5 யூனிட் பேட்டரிகளுடன் வந்தது. 2024-இல் 45 சேர்ந்தது. நெய்வேலி நகரியத்துக்குள் ஓட்டச் சிறியதே தாராளம். ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளியுள்ள சென்னைக்கு அடிக்கடி போகிறவர்களுக்குப் பெரியது வேண்டும். ஆனால் அளவு கூடினால் விலையோடு காரின் எடையும் கூடும்.

வாங்கியபின் பணம் கட்டிக் கூடுதல் திறன் பெறுவதே கட்டண மேம்பாடு. இதில் பெரிதும் பேசப்பட்டது டெஸ்லா நிறுவனம். 2016-இல் அது தன் ‘மாடல் எஸ் 60’ கார்களில் 75 யூனிட் பேட்டரியைப் பொருத்தி, மென்பொருளால் 60-க்குக் கட்டுப்படுத்தியது. பணம் கட்டியவர்களுக்கு இந்த மென்பொருள் பூட்டு திறக்கப்பட்டது. 2017-இல் இர்மா புயலின்போது ஃபுளோரிடா மக்கள் வெளியேற அந்தப் பூட்டை டெஸ்லா தற்காலிகமாக இலவசமாகத் திறந்துவிட்டது. உயிர்காக்கும் தூரம் வண்டிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது என்பது இந்த முறையின் பெருங்குறை. இந்தியாவில், ஓசூரில் தயாராகும் ஏதர் மின்ஸ்கூட்டர்களில் பேட்டரி அளவு வேறு, தனிக் கட்டணத்துக்குரிய மென்பொருள் வசதிகள் வேறு. 2024-இல் வந்த எம்ஜி விண்ட்சர் காரில் பேட்டரியைக் கிலோமீட்டர் கணக்கில் வாடகைக்கும் எடுக்கலாம்.

வாங்கியபின் பெரிய பேட்டரிக்கு மாற்றித்தருவது இந்தியக் கார் விற்பனையில் வழக்கமில்லை. தேவையைக் கணக்கிட்டு முதலிலேயே முடிவெடுங்கள்.