எண்ணை நம்பிய சர்வர்: என்.எஃப்.எஸ் வரலாறு

இன்னொரு கணினியில் இருக்கும் கோப்பை நம் கணினியில் திறப்பது இன்று யாருக்கும் அதிசயம் இல்லை. ஆனால் "கேட்பவர் யார்?" என்ற சின்னக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கப் பல வருடங்கள் ஆயின.

யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஒரே இயந்திரத்தில் பலர் வேலை செய்வதற்கான இயங்குதளம் அது. ஒவ்வொருவருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. ஆனால் உள்ளுக்குள் யூனிக்ஸ் பார்ப்பது பெயரை அல்ல, பயனருக்குக் கொடுத்த எண்ணை. கோப்பு 105-க்குச் சொந்தம் என்றால், 105 யார் என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியும். புது வட்டைச் சேர்க்க வேண்டுமா? அதை ஒரு கோப்புறையில் பொருத்தினால் போதும். இதற்குப் பெயர்தான் மவுண்ட்.

1982-ல் கலிஃபோர்னியாவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தொடங்கியது. ஆளுக்கொரு யூனிக்ஸ் கணினி என்ற காலம் வந்தது. ஆனால் வட்டுகளின் விலை அதிகம். வட்டே இல்லாத கணினிகளைக்கூட சன் விற்றது. அப்படியானால் கோப்புகள் எங்கே இருக்கும்? பக்கத்து அறை சர்வரின் வட்டையே மவுண்ட் செய்ய வழி செய்தார்கள். அதுதான் என்.எஃப்.எஸ். 1985-ல் சன் ஓ.எஸ் 2.0-வுடன் வெளிவந்தது. விதிமுறைகளை சன் வெளிப்படையாகக் கொடுத்ததால் மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. சர்வர் விழுந்து எழுந்தாலும் கணினிகள் திரும்பத் திரும்பக் கேட்டு, விட்ட இடத்தில் இருந்து வேலையைத் தொடரும்.

குறை வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு கோரிக்கையோடும் பயனரின் எண் வரும். சர்வர் அதை அப்படியே நம்பும். காசோலையில் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து, கையெழுத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கும் வங்கியைப் போல!

இது முட்டாள்தனமா? அன்றைய நிலையில் இல்லை. இயந்திரங்கள் எல்லாம் நிர்வாகியின் கையில் இருந்தன. அவை பொய் சொல்லாது. எல்லா இயந்திரத்திலும் 105 ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதற்காக, 'எல்லோ பேஜஸ்' என்ற பொதுப் பட்டியலையும் சன் தந்தது. அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக்குறி என்பதால் பிறகு என்.ஐ.எஸ் ஆனது.

சொந்தக் கணினி பெருகியதும் நம்பிக்கை உடைந்தது. தன் கணினிக்குத் தானே நிர்வாகி என்றால் எந்த எண்ணாகவும் மாறலாம். நிர்வாகியின் எண்ணான 0 வந்தால், அதை உரிமையற்ற பயனராகச் சர்வர் மாற்றிக்கொள்ளும். ஆனால் அதே ஆள் 105 ஆக மாறி வந்தால்? கதவு திறந்துவிடும்.

ஐ.பி.எம்-மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கிய எஸ்.எம்.பி வேறு பாதையில் வந்தது. அது ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பி.சி.க்கானது, இணையும்போதே கடவுச்சொல் கேட்கும். ஆஸ்திரேலியாவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா, 1990-களில் அதை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்தது. இங்கே தலைகீழ் சிக்கல். பலர் பயன்படுத்தும் லினக்ஸ் கணினியில் ஒருவர் மவுண்ட் செய்தால், மற்றவர்கள் செய்வதும் சர்வரில் அவர் பெயரிலேயே பதிவாகும். தவறு ஒருவருடையது, கணக்கு இன்னொருவர் பேரில்! அவரவர் அடையாளத்தோடு போகும் வசதி லினக்ஸில் பின்னாளில்தான் வந்தது.

என்.எஃப்.எஸ்ஸுக்கு மருந்து, எம்.ஐ.டி-யின் அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பெரோஸ். இதில் எண்ணைச் சொன்னால் போதாது. போலி செய்ய முடியாத சீட்டைக் காட்ட வேண்டும். 2000-ல் வந்த நான்காம் பதிப்பு, இந்த வசதி எல்லா என்.எஃப்.எஸ் மென்பொருளிலும் இருக்க வேண்டும் என்றது. ஆனால் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அமைப்பது சிரமம் என்பதால் பழைய எண் முறை இன்றும் பல இடங்களில் ஓடுகிறது.

தொலைவில் இருக்கும் வட்டைப் பக்கத்தில் இருப்பதுபோல் காட்டும் வேலை 1985-லேயே முடிந்துவிட்டது. கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் வேலை இன்னும் நிர்வாகியின் கையில்தான் இருக்கிறது.