பெயரேட்டின் காவல்

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. அங்கு வரும் வண்டியில் பழுதேதும் இல்லாவிடினும், தண்டவாளம் தவறாகத் திருப்பப்பட்டிருப்பின் அது வேறு தடத்திலேயே செல்லும். இணையத்தின் நிலையும் அஃதே.

இணைய வழங்கிகளுள் ஒருவகை, பக்கங்களைச் சேமித்துக் கேட்பார்க்கு அளிப்பது. 1990ஆம் ஆண்டில் ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ முதன்முதல் இயக்கியது இதுவே. அணைத்துவிடாதீர் என்று அக்கணினியில் ஒட்டிய காகிதத் துண்டே அன்றைய காவல்! மற்றொரு வகை பெயர் வழங்கி. இன்ன பெயர்க்கு இன்ன முகவரி எனக் காட்டும் ஏடு அது.

2021 பெப்ரவரி 6ஆம் நாள் காலை, ‘எல்கே’ என முடியும் சில பெயர்கள், கூகிளின் இலங்கைப் பெயர் உட்பட, வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. அப்பக்கம் எழுப்பிய குறைகளுள் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் ஊதியமும் ஒன்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கோரி முந்திய நாளே மலையகத்தில் வேலைநிறுத்தம் நடந்திருந்தது.

கூகிளின் வழங்கிகள் உடைக்கப்படவில்லை. பெயரேட்டின் பதிவுகளே மாற்றப்பட்டன. காலையிலேயே அவை சீர்செய்யப்பட்டன. ஆதலின் பக்கத்தைப் பூட்டினால் மட்டும் போதாது. ஏட்டைத் திருத்துவோர்க்கு இரட்டைச் சாவியும், பதிவுகளுக்குப் பூட்டும், ஏடு தரும் விடைக்குக் கணித முத்திரையும் வேண்டும்.

ஆயிரம் ரூபாவோ, மார்ச் மாதத்தில் வர்த்தமானி வழியே வந்தது.