வந்த வழி அறிதல்

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களின் வரலாற்றைக் கற்போர் 'துண்டு' என்னும் சொல்லைத் தவறாது காண்பர். தொழிலாளி ஒருவர் ஒரு தோட்டத்தை நீங்கி மற்றொரு தோட்டத்திற்குச் செல்ல நேரும்போது, அவர் பேரில் நிற்கும் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் அவரை விடுவிப்போம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. கடன்மேற் கடனேற்றித் தொழிலாளரைப் பிணித்த அம்முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அது ஒழிந்தது நன்றே. ஆயினும் அக்கொடிய சீட்டிலும் ஒரு செய்தி இருந்தது. இவர் எங்கிருந்து வந்தார் என்பதே அது.

இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் அதே கேள்வி வேறோர் உருவில் எழுந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரையும் நோக்கி, உம்முடைய தந்தை இங்கே பிறந்தாரா, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று வினவியது. ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்து, மற்றொரு தோட்டத்தில் வளர்ந்து, மூன்றாவது தோட்டத்திற் கொழுந்தெடுப்பவர் பாட்டனாரின் பிறப்புச் சீட்டுக்கு எங்கே போவார்? அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. மறுப்புக்குக் காரணங்கள் பல. இடையில் ஒரு சீட்டு இல்லாமற் போனமை அவற்றுள் ஒன்று. சங்கிலியில் ஒரு கண்ணி மறைந்தால் அதற்கப்பால் உள்ள கண்ணிகள் இருந்தும் பயனில்லை.

வந்த வழியைப் பின்னோக்கிக் காணும் இந்தச் சிக்கல் கணினியின் உள்ளேயும் உண்டு என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். வங்கியிலும் வைத்தியசாலையிலும் இயங்கும் ஒரு நிரல் திடீரென நின்றுவிடுகிறது. நின்ற இடம் தெரியும். அந்த இடத்துக்கு அதனை அனுப்பியது யார், அவரை அனுப்பியது யார் என்பது தெரிந்தாலன்றிப் பிழையின் வேர் அகப்படாது. அவ்வரிசையை எடுத்துரைக்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் 'டிபகர்' என்று பெயர். தமிழில் வழுநீக்கி எனலாம். அது அவ்வரிசையை எவ்வாறு அறிகிறது, எங்கே தவறியது, அத்தவறு எவ்வாறு திருத்தப்பட்டது என்பதே இப்பேச்சின் பொருள்.

கணினி நிரல் என்பது ஒரே நீண்ட கட்டளைப் பட்டியல் அன்று. பல சிறு துணைநிரல்கள் ஒன்றையொன்று ஏவி வேலை வாங்கும் அமைப்பு அது. தோட்டத்தில் துரை பெரிய கணக்கப்பிள்ளையை ஏவ, அவர் கங்காணியை ஏவ, கங்காணி ஆட்களை ஏவுவதை ஒத்தது. ஏவப்பட்டவர் பணி முடித்ததும், ஏவியவர் தாம் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர வேண்டும். விட்ட இடத்தை எங்கே குறித்து வைப்பது? தோட்டத்து ஆபீசில் மேசைமீது நிற்கும் கூரிய கம்பியிற் சீட்டுகளைக் குத்தி வைப்பதை நேயர்கள் கண்டிருப்பர். கடைசியாகக் குத்திய சீட்டே முதலில் வெளிவரும். கணினியின் நினைவகத்திலும் இத்தகைய கம்பி ஒன்று உண்டு; அதற்கு அடுக்கு என்று பெயர். ஒவ்வொரு துணைநிரலும் வேலை தொடங்குமுன், திரும்பிச் செல்ல வேண்டிய முகவரியையும் தனக்கு வேண்டிய குறிப்புகளையும் அந்த அடுக்கிற் குத்தி வைக்கிறது.

இந்த எண்ணம் பழையது. 1946 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முன் வைக்கப்பட்ட தம் அறிக்கையில், அலன் தூரிங் திரும்பும் இடத்தைப் 'புதைத்தல்', 'தோண்டியெடுத்தல்' என்னும் சொற்களால் இதனை விளக்கினார். கேம்பிரிட்ஜில் 1949 மே 6 ஆம் நாள் முதல் நிரலை ஓட்டிய எட்சாக் பொறியில், டேவிட் வீலர் வேறொரு வழி கண்டார்; திரும்பும் முகவரியைத் துணைநிரலின் உடலிலேயே எழுதிவிடுவார். அது எளிய வழி. ஆனால் ஒரு துணைநிரல் தன்னையே மீண்டும் ஏவினால் முன்னைய முகவரி அழிந்துபோகும். அடுக்கு முறைக்கு மியூனிக் நகரத்து பவர், சாமல்சன் என்னும் இருவர் 1957 இற் காப்புரிமை கோரினர். பின்னர் அதுவே எங்கும் நிலைத்தது.

பிழை தேடும் கலையும் எட்சாக் பொறியோடு பிறந்தது எனலாம். அப்பொறியை அமைத்த மொரிஸ் வில்க்ஸ், தம் வாழ்நாளின் பெரும்பகுதி தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று ஒரு நாள் படிக்கட்டில் நின்று உணர்ந்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அவருடைய தோழர் ஸ்டான்லி கில் 1951 இல் இப்பிழைகளைக் கண்டறியும் முறைபற்றிக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் 1961 அளவில் எழுந்த வழுநீக்கிக்கு 'டி.டி.டி.' என்று பெயரிட்டனர். ஆங்கிலத்திற் பிழையைப் பூச்சி என்பது வழக்கு. ஆதலின் பூச்சிகொல்லியின் பெயர் பொருந்தியது. 1946 முதல் தெளித்த அதே மருந்தினால் மலேரியா தணிந்ததை இலங்கை மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1986 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'ஜி.டி.பி.' என்னும் வழுநீக்கியை எழுதினார். எவரும் பெற்றுப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய இலவச உரிமையோடு அது வெளிவந்தமையால், இன்று உலகெங்கும் கற்பவர் கைக்கு எட்டுகிறது. வந்த வழியைக் காட்டு என்று அதனிடம் கட்டளையிட்டால், நின்ற துணைநிரல் முதல் தொடக்க நிரல் வரை பெயர்களை வரிசையாகச் சொல்லும். அக்காலத்து 'வாக்ஸ்' பொறியில் இது எளிது. 1977 இல் வந்த அப்பொறியின் ஏவற் கட்டளையே, எந்தெந்தப் பொருளை அடுக்கிற் சேமித்தது என்பதையும் சேர்த்து ஒழுங்காகக் குறித்து வைத்தது. எல்லாத் துணைநிரலும் ஒரே அச்சிற் சீட்டெழுதின. வழுநீக்கி அச்சீட்டை வாசித்தாற் போதும்.

1980 களிற் புதிய வகைப் பொறிகள் தோன்றின. விரைவை நாடி அவை கட்டளைகளை எளிமையாக்கின. சீட்டெழுதும் பொறுப்பை நிரலை மொழிபெயர்க்கும் தொகுப்பியிடம் விட்டுவிட்டன. அதன் பின்னர் ஒவ்வொரு துணைநிரலும் தத்தமக்கு வேண்டிய அளவிற் சீட்டு எழுதிற்று. ஒன்றுக்கு 32 பைட் இடம், மற்றொன்றுக்கு 200, வேறொன்றுக்கு ஒன்றுமே இல்லை. நம் கம்பியில் மேலிருந்து எத்தனை தாள் எடுத்தால் முந்தியவரின் சீட்டு வரும் என்பது தெரியாமற் போயிற்று.

ஆதலால் வழுநீக்கி வேறொரு தந்திரத்தை மேற்கொண்டது. துணைநிரலின் தொடக்கத்திலுள்ள சில கட்டளைகளைப் பொறியாளர் 'புரோலோக்' என்பர். தமிழர் நூலின் தலையில் நிற்பதைப் பாயிரம் என்பதற்கு அது நிகர். நூல் வந்த வழியைக் கூறுவதும் பாயிரத்தின் இலக்கணம் அன்றோ! வழுநீக்கி, நின்ற இடத்திலிருந்து பின்னே சென்று துணைநிரலின் தலையைக் கண்டு, அதன் பாயிரத்தைக் கட்டளை கட்டளையாக வாசித்தது. 'அடுக்கில் 32 இடத்தை ஒதுக்கு' என்பது முதற் கட்டளை. 'திரும்பும் முகவரியை அதில் 28 ஆம் இடத்தில் வை' என்பது அடுத்தது. இவ்விரண்டையும் படித்தால், 28 ஆம் இடத்தில் ஏவியவரின் முகவரி உண்டு, 32 இடத்துக்கப்பால் அவருடைய சீட்டு தொடங்குகிறது என்று துணியலாம்.

வழுவின் ஊற்று இங்கேதான். தொகுப்பிகள் வரவரக் கூர்மை பெற்றன. பொறி ஒரு கணமும் சும்மா இராதபடி, பாயிரக் கட்டளைகளுக்கு இடையிலே நூலின் உடற்கட்டளைகளையும் கலந்து வைக்கத் தலைப்பட்டன. வழுநீக்கியோ தனக்குத் தெரிந்த நாலைந்து வடிவங்களை மட்டுமே எதிர்பார்த்தது. அறியாத கட்டளை ஒன்று குறுக்கிட்டதும், பாயிரம் முடிந்தது என்று முடிவுகட்டிற்று. மேற்சொன்ன எடுத்துக்காட்டில், 32 என்பதை அறிந்து 28 என்பதை அறியாமல் நின்றுவிடும். திரும்பும் முகவரி இன்னும் பொறியின் பதிவகத்திலேயே இருக்கிறது என்று அது நம்பும். இடையில் வேறொரு துணைநிரலை ஏவியபோது அப்பதிவகம் மாற்றி எழுதப்பட்டுவிட்டதே! விளைவு யாது? துணைநிரல் தன்னைத் தானே ஏவியதாக வழுநீக்கி கூறும். அதே பெயரை மீண்டும் மீண்டும் அச்சிடும். மகனே தந்தை, அவனே பாட்டன் என்று எழுதிய வம்சாவளி போன்றது அது. இதிலேனும் பிழை வெளிப்படை. தவறிய முகவரி தற்செயலாக வேறொரு துணைநிரலுக்குள் விழுந்தால், குற்றமற்ற அத்துணைநிரல் வரிசையில் ஏறிவிடும். பொறியாளர் அதனைச் சந்தேகித்து நாட்களைக் கழிப்பார். மெய்வழியும் பொய்வழியும் காகிதத்தில் ஒன்றுபோலவே தோன்றும்.

மற்றொரு வழுவும் உண்டு. நிரல் பாயிரத்தின் நடுவிலேயே நின்றால், சீட்டு இன்னும் குத்தப்படவில்லை. முழுப் பாயிரத்தையும் வாசித்த வழுநீக்கி, குத்தியாயிற்று என்று கருதி இல்லாத சீட்டை இழுக்கும். நின்ற இடம் வரைக்குமே வாசிக்க வேண்டும் என்பது இதற்குத் திருத்தம். சொல்ல எளிது, ஒவ்வொரு பொறிவகைக்கும் தனித்தனியே செய்ய நேர்ந்தமையால் நீண்ட காலம் பிடித்தது.

2003 இல் வெளியான ஜி.டி.பி. ஆறாம் பதிப்பு இத்துறையை அடியோடு திருத்தியது. ஆண்ட்ரூ காக்னி முன்னின்று செய்த அம்மாற்றத்தினால், வழி அறியும் முறைகள் பலவும் ஒரு வரிசையில் நின்றன. இந்தச் சீட்டை உன்னால் வாசிக்க இயலுமா என்று ஒவ்வொன்றையும் கேட்டு, இயலும் என்பதனிடமே பொறுப்பை ஒப்படைப்பது புதிய ஒழுங்கு. 2006 இல் ஜிம் பிளாண்டி எழுதிய பகுதி பாயிர வாசிப்பையே மாற்றியது. கட்டளையின் வடிவத்தைப் பார்ப்பதை விடுத்து, அதன் விளைவைப் பின்தொடர்ந்தது. ஒவ்வொரு பதிவகத்தைப் பற்றியும் மூன்று கூற்றுகளே: இதன் மதிப்பு இன்ன எண், அல்லது, இன்ன பதிவகம் நுழைவின்போது கொண்டிருந்த மதிப்பிலிருந்து இவ்வளவு வேறுபட்டது, அல்லது, தெரியாது. அயல் கட்டளை இடையில் வந்தால் அது தொட்டதை மட்டும் 'தெரியாது' என்று குறித்துவிட்டு, வாசிப்பு மேலே செல்லும். கலந்து கிடந்த பாயிரமும் அதனால் விளங்கிற்று.

இத்திருத்தத்தில் தலையாயது அந்த மூன்றாவது கூற்றே எனத் தோன்றுகிறது. முன்னைய வாசிப்பு தெரியாததைத் தெரிந்ததாகக் கொண்டு பொய் சொன்னது. புதியது தெரியாததைத் தெரியாது என்று எழுதி, மற்றையவற்றைக் காப்பாற்றியது. 1949 ஆம் ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் இதற்கோர் இடம் இருக்கவில்லை. தெரியாது என்ற விடை இல்லை என்ற விடையாகவே கொள்ளப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் நிலையாக வதிந்தோருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் பூட்டனைக் கேளாது உரிமை வழங்கியது.

பாயிரத்தை ஊகிப்பதைவிடத் தொகுப்பியே வழியை எழுதித் தருவது சிறந்தது அன்றோ? 1993 இல் வந்த 'டுவார்ஃப்' இரண்டாம் ஏற்பாடு அதனையே செய்தது. நிரலின் ஒவ்வொரு முகவரிக்கும், அங்கே நின்றால் திரும்பும் முகவரி எங்கே கிடைக்கும் என்று கூறும் அட்டவணை ஒன்றை அது வகுத்தது. அட்டவணை இருக்கும் இடத்தில் வழுநீக்கி இப்பொழுது அதனையே நம்புகிறது. ஆனால் அட்டவணை நீக்கப்பட்ட நிரல்களும், கையால் எழுதிய பொறிமொழிப் பகுதிகளும் இன்னும் உள. அங்கே பாயிரமே துணை.

இன்னொரு பழைய பழக்கமும் திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் முந்திய சீட்டின் இடத்தைக் குறிக்கும் 'சட்டகச் சுட்டி'யை, ஒரு பதிவகத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுத் தொகுப்பிகள் பல ஆண்டுகளாகக் கைவிட்டிருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நொடிக்குப் பலமுறை நோக்கி அதன் வழியை அறிய வேண்டியபோது, அட்டவணையை ஒவ்வொரு முறையும் புரட்டுவது பெருஞ்சுமையாயிற்று. ஆதலின் 2023 இல் ஃபெடோரா 38 ஆம் பதிப்பும், 2024 இல் உபுண்டு 24.04 பதிப்பும் சிறிதளவு வேகம் குறையினும் குறைக என்று அச்சுட்டியை மீண்டும் சேர்த்துக்கொண்டன. 2005 இற் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திற் கணினியியல் பயிலும் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் அவ்விரண்டில் ஒன்றை நிறுவி, பிழையுற்ற தம் நிரலை ஜி.டி.பி.யிடம் கொடுத்து, 'பிடி' என்னும் இரண்டு எழுத்துக் கட்டளையை இட்டால், முழு வரிசையும் திரையில் வந்துவிடும்.