களரியும் மேடையும்

நாடகம் பயிலத் தொடங்கும் மாணவருக்கு முதலிற் கற்பிக்கப்படுபவை சில சொற்களே. மேல்மேடை, கீழ்மேடை, பக்கத்திரை, ஒத்திகை, ஒப்பனை, நெறியாள்கை என அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர், பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர். இச்சொற்கள் எத்தகைய அரங்கிலிருந்து வந்தன, யாருடைய உழைப்பிற் பிறந்தன என்று கேட்போர் மிகச் சிலரே.

மேல்மேடை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பார்வையாளருக்கு அண்மையிலுள்ள பகுதி கீழ்மேடை, எட்டியிருப்பது மேல்மேடை. சமதளமான மேடையில் மேலேது, கீழேது? மறுமலர்ச்சிக் காலத்திலும் அதன் பின்னரும் ஐரோப்பாவில் எழுந்த அரங்குகளில், தீட்டிய காட்சிகள் தொலைவிலுள்ளனபோலத் தோன்றவேண்டும் என்பதற்காக மேடைத்தளத்தைப் பின்புறம் உயர்த்தி முன்புறம் சரித்துக் கட்டினர். பிற்காலத்தில் சரிவு போயிற்று, சொல் நின்றுவிட்டது. அதன் மொழிபெயர்ப்பே நம் வகுப்பறையை வந்தடைந்தது. வலம், இடம் என்பனவும் அவ்வாறே. பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகனின் வலக்கையே அங்கு மேடையின் வலம்.

மட்டக்களப்பின் வட்டக்களரியில் இவற்றுள் ஒன்றுக்கும் வேலையில்லை. மண்ணை உயர்த்தி வட்டமாக அமைத்த களரி, சுற்றிலும் மக்கள். ஒருவருக்கு முன்னாக இருப்பது மற்றொருவருக்குப் பின். ஆடுவோன் வட்டம் முழுவதையும் சுற்றி ஆடியே தீரவேண்டும். எத்திசையில் இருப்போனும் அவனுக்குச் சபையோனே. திரையென்று சொல்வதானால், பாத்திரம் தோன்றும் வேளையில் இருவர் பிடிக்கும் சீலையொன்றுதான். சீலை விலகியதும் தொடங்குவது 'வரவு'. மத்தளத்தின் தாளக்கட்டுக்கு ஆடியே அரசன் தான் யாரென்பதைச் சபைக்குக் காட்டுகின்றான். அவனது வருகையை முன்னறிவிப்பவன் கட்டியகாரன்.

ஒத்திகை என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குக் கூத்தர் எத்தனை சொற்கள் வைத்திருந்தனர்! ஆடுவோர் தெரிவானதும், ஊர்ப் பெரியோர் முன்னிலையில் அவரவர் பாட்டும் வசனமும் அடங்கிய ஏட்டைக் கையளிப்பது 'சட்டங்கொடுத்தல்'. அடவுகள் காலிற் படிந்தபின் நடப்பது 'சதங்கை அணிதல்'. அதுவரை சதங்கைக்கு உரிமையில்லை. வாரத்தில் ஓரிரவு கூடி ஆடிப்பார்ப்பது 'கிழமைக் கூத்து'. அரங்கேற்றத்துக்கு முன் கூத்து முழுவதையும் வரிசைப்படி ஆடி முடிப்பது 'அடுக்குப் பார்த்தல்'. அரங்கேற்றத்தின் பின்னரும் கூத்து ஓய்வதில்லை. வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். பகலெல்லாம் வயலில் நின்றோர் இரவில் மாதக்கணக்காகக் கூடிப் பழகியதன் ஒழுங்கு இது. ஒவ்வொரு சொல்லும் வேலையின் ஒரு கட்டத்தைக் குறிக்கின்றது. வடமோடி அரசரின் விரிந்த உடையைக் 'கரப்புடுப்பு' என்றனரே, கரப்பு என்பது கோழியை மூடவும் மீன்பிடிக்கவும் கிராமத்தவர் பயன்படுத்திய கூடையன்றி வேறென்ன? மாமன்னனின் ஆடைக்குக் கோழிக்கூடையின் பெயர்! உழைப்பவன் உவமை தேடி வெளியூர் போவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தென்னிந்தியக் குழுக்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தன. கொட்டகை வந்தது, அதனோடு சீன், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் முதலிய சொற்களும் வந்தன. மக்கள் அவற்றைத் தமதாக்கிக்கொண்டனர். 'மயான காண்டம்' ஆடிய வி. வி. வைரமுத்து இம்மரபில் வந்தவரே. சபாக்களை அமைத்த படித்த வர்க்கத்தினரோ நாடகம், நடிகர் என்னும் சொற்களைத் தமக்கு வைத்துக்கொண்டனர். கூத்தாடி என்பதை வசைச்சொல்லாகவே வழங்கவிட்டனர். 'கூத்தடியாதே' என்று பிள்ளையை அதட்டும் ஆசிரியர் தாம் எந்தக் கலையை இழிக்கின்றார் என்பதை உணர்வதில்லை.

1956இல் சரச்சந்திராவின் 'மனமே' சிங்கள நாடகமவைப் புதுமேடைக்குக் கொணர்ந்தது. சிந்து என்னும் நம் பாவகையின் பெயரை நாடகமவும் வழங்குவது, இருமொழி மக்களின் கலையுறவுக்குச் சான்று. அத்தூண்டுதலோடு பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை எடுத்தாண்டார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. விடியும்வரை நீண்டது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துள் அடங்கிற்று. கூத்தை இகழ்ந்தோரே அதன்பின் அரங்கை நிறைத்தனர். இச்சாதனையைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. எனினும் வட்டம் படச்சட்டத்துள் அடைபட்டபோது ஆடுவோர் முதுகு காட்டாதிருக்கப் பழகவேண்டியதாயிற்று. சுற்றியிருந்த ஊர் ஒரு பக்கத்துக்கு ஒதுங்கியது. மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். மத்தளத்தை அடித்து, ஆட்டத்தைப் பழக்கி, முழுக் கூத்தையும் நடத்திச் செல்பவருக்கு அண்ணாவியார் என்று பெயர். அப்பொறுப்பின் பெரும்பகுதியை அக்காலத்திற் 'தயாரிப்பாளர்' என்றும் பின்னர் 'நெறியாளர்' என்றும் வழங்கிய புதுச்சொற்கள் எடுத்துக்கொண்டன. நெறியாளர் படித்தவராயினர், அண்ணாவியார் பழக்குநராக நின்றார். இப்பாகுபாடு நமக்கு உவப்பானதன்று.

ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் யாழ்ப்பாணத்தை உலுக்கிய காலத்தில், 1969இல், மௌனகுருவின் 'சங்காரம்' அரங்கேறியது. மன்னரும் மந்திரியரும் ஆடிவந்த வடமோடி ஆட்டத்தை அங்கே தொழிலாளர் கூட்டம் ஆடியது. எதிரே நின்றோர் சாதி அரக்கனும் வர்க்க அரக்கனும். வரவு என்னும் சொல்லை மாணவருக்கு விளக்கும்பொழுது, அரசனின் கொலுவைச் சொல்லி நிறுத்தாமல், இத்தொழிலாளரின் வருகையையும் சேர்த்தே நாம் சொல்லி வருகின்றோம்.