என்ஜின் ஆயில் ஒழுகுதா? பாட்டில் மருந்து ஊற்றும் முன்பு இதைப் பாருங்க!

கோவிலம்பாக்கம்:

மேடவாக்கம் மெயின் ரோடும் 200 அடி ரேடியல் ரோடும் சந்திக்கும் கோவிலம்பாக்கம் பகுதியில் ஷேர் ஆட்டோ, லோடு வண்டி, கால் டாக்சிகளுக்கு பஞ்சமில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு பெரிய தலைவலி என்ஜின் ஆயில் கசிவு. "ஒரு பாட்டில் ஊத்தினா நின்னுடும்" என்ற பேச்சை நம்பி மருந்து வாங்குபவர்கள் உண்டு. சில வண்டிக்கு நிற்கும். சில வண்டிக்கு காசு போனதுதான் மிச்சம்.

எப்படி வேலை செய்கிறது?

கிராங் ஷாப்டின் இரு முனையிலும் ரப்பர் ஆயில் சீல் இருக்கும். வருடக்கணக்கில் சூடு பட்டு ரப்பர் இறுகி சுருங்கினால் இடுக்கு வழியாக ஆயில் சொட்டும். மருந்தில் உள்ள ரசாயனம் ரப்பரில் ஊறி, மிருதுவாக்கி, லேசாக உப்ப வைக்கும். இது உடனே நடக்காது. ஜெர்மனியின் லிக்வி மோலி நிறுவன தயாரிப்பில் 300 மில்லி பாட்டில் 3 முதல் 4 லிட்டர் ஆயிலுக்கு போதும். 600 முதல் 800 கிலோ மீட்டர் ஓடிய பிறகே பலன் தெரியும்.

எதற்கு பலிக்காது?

கிழிந்த சீல், பேப்பர் பேக்கிங், லூசான போல்ட், பள்ளத்தில் இடித்து விரிசல் விட்ட ஆயில் சேம்பர். இதற்கெல்லாம் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் வீண். பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே பிரஷர் ஏறி புது சீலிலும் ஆயிலை தள்ளும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் தொல்லைதான்.

முதலில் செய்ய வேண்டியது

என்ஜினை நன்றாக துடைத்து, ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை போடுங்கள். சொட்டும் இடமே கசியும் இடம் என்று நினைக்கக் கூடாது. ஆயில் மேலிருந்து வழிந்து வரும். எனவே ஈரம் இருக்கும் இடத்திலேயே உயரமான இடத்தை தேடுங்கள். டிரெயின் போல்ட் வாஷர், ஆயில் பில்டர் இரண்டையும் பாருங்கள். கோளாறு அங்கே என்றால் சின்ன செலவிலேயே வேலை முடிந்து விடும்.

பைக், ஆட்டோ உஷார்!

கியர் பைக்குகளிலும் பஜாஜ் ஆர்.இ. ஆட்டோவிலும் கிளட்ச் பிளேட் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடும். கார் என்ஜினுக்கான மருந்தை இதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வண்டி இழுக்காது. பாட்டிலில் எந்த வண்டிக்கு என்று போட்டிருப்பதை படித்துவிட்டு வாங்க வேண்டும்.

அப்போ மருந்தே வேண்டாமா?

கார், லோடு வண்டிகளில் பின்பக்க சீலை மாற்ற கியர் பாக்சை இறக்க வேண்டும். சீல் விலையை விட கூலி அதிகம். மெதுவாக சொட்டும் வண்டிக்கு, கையில் பணம் சேரும் வரை மருந்து தாக்குப் பிடிக்க உதவலாம். ஆனால் தினமும் காலையில் டிப்ஸ்டிக் பார்ப்பது அவசியம். ஆயில் லைட் எரிந்தால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்து விடுங்கள். "ஷெட்டு வரை போயிடலாம்" என்று ஓட்டினால் பேரிங் தேய்ந்து என்ஜின் ஜாம் ஆகும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மொத்த என்ஜினையும் பிரிக்க வேண்டி வரும். அத்தனை நாள் சவாரி வருமானமும் போய்விடும்.