மெட்ராஸில் உதித்த பச்சைச் சூரியன்

1883, செப்டம்பர் மாதம். மெட்ராஸில் பொழுது விடிகிறது. கிழக்கே பார்த்தால்... சூரியன் பச்சையாக இருக்கிறது! மாலையில் மறையும்போதும் அதே பச்சை. ஒரு நாள் கூத்தல்ல, அடுத்தடுத்து சில நாட்கள்!

காரணம், கடலுக்கு அப்பால் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன், ஆகஸ்ட் 27-ம் தேதி, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரகடோவா எரிமலை வெடித்துச் சிதறியது. அந்தச் சத்தம் சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோட்ரிகஸ் தீவுவரை கேட்டது! வெடிப்பிலும் அது கிளப்பிய சுனாமியிலும் 36,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். வானத்தில் பல மைல் உயரம் போன நுண்ணிய துகள்கள் காற்றோடு உலகையே சுற்றக் கிளம்பின. அவை சூரிய ஒளியில் சிவப்பைத் தடுத்துவிட, மிச்சமிருந்த பச்சையும் நீலமும்தான் நம்மவர்கள் கண்ணுக்கு வந்து சேர்ந்தன.

பலர் அண்ணாந்து பார்த்ததோடு சரி. சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஸ்பெக்ட்ரோஸ்கோப்பை எடுத்து, அந்தப் பச்சை ஒளியைப் பிரித்து ஆராய்ந்தார். எட்டு வருடம் கழித்து, 1891-ல், அவரே அரசாங்க வானியலாளர் ஆனார். சூரியனைக் கவனிக்கத் தோதான இடமாக அவர் தேர்ந்தெடுத்தது, பழநி மலைத்தொடரின் உச்சியில் உள்ள கொடைக்கானலை! 1899-ல் அங்கே வேலையைத் தொடங்கிய சூரிய ஆய்வகம், இன்றும் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சரி, கொடைக்கானல் மலையே ஒருநாள் வெடித்துவிடாதா? கவலை வேண்டாம். அது எரிமலையே இல்லை. பூமியின் ஆழத்தில் 50 கோடி வருடங்களுக்கும் முன்பு உருவான, சார்னோக்கைட் என்ற பழங்காலப் பாறை. அந்த அழகான ஏரியும் எரிமலை வாய் அல்ல. 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் அணை கட்டி உண்டாக்கியது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை, அந்தமான் கடலில் ஆளில்லாத பாரன் தீவு ஒன்றுதான். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கிவிட்டு 1991-ல் அது கண் விழித்தது.

அப்பாடா என்று உட்கார்ந்துவிட முடியுமா? கிரகடோவா இருந்த இடத்தில் 1927-ல் ஒரு 'குட்டி' கடலிலிருந்து தலைகாட்டியது. 2018 டிசம்பரில் அதன் ஒரு பக்கம் சரிந்து, எழுந்த சுனாமியில் 400 பேருக்கு மேல் பலி. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவில் ஹைலி குப்பி எரிமலை கக்கிய சாம்பல் டெல்லி வானத்துக்கே வந்துவிட, விமானங்களை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

எரிமலை பக்கத்தில் இல்லை என்பது நிஜம்தான். ஆனால், அதன் சாம்பலுக்கு ஏது எல்லை? 1883-ல் மெட்ராஸ் கற்ற பாடம் இது!